பின்னால் போட்ட கட்டில்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், கள்ளக்குறிச்சியில் கரும்பு லாரிகளுக்குப் பாடி கட்டினேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் டிரெய்லர் கட்டினேன். மினி பஸ் கட்டினேன். கைகொடுக்க ஒரு சொந்தம் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு வெல்டிங் மெஷின், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் போன தை மாதம் ஒரு வேனுக்குள் வீடே கட்டினேன்.

கேட்டவர் எங்கள் ஊர்த் துணிக்கடை பாய். பக்கவாதத்தில் விழுந்த மனைவி படுத்தபடியே நாலு ஊர் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டார். நோயாளிக்குத் தனியறை வேண்டுமே என்று கட்டிலைக் கடைசியில் போட்டேன். குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கேயே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இடம் போதவில்லை. பின்சக்கரத்தைத் தாண்டி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை நீட்டி, அதன்மேல் பாடியை ஏற்றினேன். லாரி கட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு.

முதல் பயணம் வெள்ளிமலைக்கு. பாய் ஓட்டினார், நான் பக்கத்தில், அவர் மனைவி பின்னால் கட்டிலில். மலையேறும்போது ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. பின்பாரம் அழுத்தியதால் முன்சக்கரம் ரோட்டில் பதியாமல், நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போயிற்று. ஓரத்துக் கல்லில் முட்டி நின்றோம்.

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து மலைக்காரர்கள் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். ஜீப் டிரைவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"வெயிட்ட பூரா வால்ல கட்டிட்டு, மூஞ்சிய காத்தாடியாட்டம் உட்டுக்கிறீங்க. எவன்யா கட்னது?"

நான் குனிந்து சக்கரத்துக்கு இன்னொரு கல் வைத்தேன்.

பின்பாரம் குறையட்டும் என்று அவர்களே தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். "போதும் மேஸ்திரி, திரும்பிடலாம்" என்றார் பாய். உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"இன்னாத்துக்குத் திரும்பணும்? வூட்ல வருஷக்கணக்கா மோட்டுவளையப் பாத்துக்கினு கெடந்தேன். இங்கயும் தூக்கித் தூக்கிப் போடுது, தகரத்தத்தான் பாத்துக்கினு வரேன். தண்ணிய எறக்குனீங்கல்ல, என்னயும் முன்னாடி எடுத்துக்கினு போங்க. நான் இன்னா மூட்டையா அண்ணே?"

போர்வையோடு தூக்கிவந்து என் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தோம். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். பாரம் முன்னுக்கு வந்ததும் வண்டி சொன்னபடி கேட்டது. வெள்ளிமலை வரை அந்த அம்மா வாய் ஓயவில்லை. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் நீட்டிய வாலை அறுத்தேன். கட்டிலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் போட்டேன். தொட்டியை இரண்டு அச்சுக்கும் நடுவே இறக்கினேன். கிழங்கு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் முன்சக்கரத்தைத் தனியாக, பின்சக்கரத்தைத் தனியாக ஏற்றி நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் எந்த வண்டிக்கு அளவு எடுத்தாலும், உள்ளே இருப்பவர் கண்ணுக்கு வெளியே என்ன தெரியும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். வேனைப் பார்த்து, கட்டிலை இப்படிப் போட்டது யார் யோசனை என்று கேட்பவர்களிடம் பாய் "என்னுதுதான்" என்கிறாராம். கட்டிலை முன்னால் கொண்டுவர வைத்தது அந்த அம்மா. கொண்டுவந்து போட்டவன் நான். வேனின் பின்கதவில் தன் துணிக்கடைப் பெயருக்குக் கீழே எங்கள் இரண்டு பேர் பெயரையும் அவர் எழுதியே ஆகவேண்டும். அந்த அம்மா பெயர் மேலே இருக்கட்டும்.