தம்பி கேட்ட வெள்ளம்

என் தம்பிக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. அதனால் அவனுக்கு ஏதாவது குறை இருந்ததாக நான் நினைக்கவே இல்லை. அவனுக்குத்தான் நான் இருந்தேனே.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. அவன் மூக்கால் ‘ம்ஹூ’ என்று இழுத்தால் தண்ணீர். ‘ஆவ்’ என்றால் தெருவுக்குப் போக வேண்டும். இடது காதைப் பிடித்துக்கொண்டால் தூக்கம் வருகிறது, வலது காதைப் பிடித்துக்கொண்டால் எறும்பு கடித்திருக்கிறது. ஒரு பிள்ளை இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பெரியவர்கள் ஏன் விழிக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், “இன்னும் ஒரு வார்த்தை கூட வரலையா?” என்று கேட்கும்போது, அவர்களுக்குத்தான் ஏதோ வரவில்லை என்று தோன்றும்.

எங்களுக்குப் பூர்வீகம் உத்தமபாளையம். அத்தாவின் வேலைக்காகத் தேனிக்கு வந்து அல்லிநகரத்தில் குடியிருந்தோம். அப்பாவை எங்கள் வீடுகளில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் போடியில் ஒரு வியாபாரியிடம் ஏலக்காய் தரம் பிரிக்கப் போய்வந்தார். அம்மா வீட்டில் ரவிக்கை தைத்தாள். பள்ளி விட்டு வந்ததும் என் முதுகிலிருந்து பை இறங்கும், இடுப்பில் தம்பி ஏறுவான். அம்மாவின் தையல் மிஷின் ஓய்கிற வரை அவன் என் பொறுப்பு. தெருவில் மற்ற பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். இடுப்பில் ஒருவனை வைத்துக்கொண்டு ஓட முடியாது என்பதால் நான் வாசல்படியில் நின்று, யார் அவுட், யார் அவுட் இல்லை என்று தீர்ப்புச் சொல்வேன். அது விளையாடுவதைவிடப் பெரிய பதவி என்றே நம்பியிருந்தேன்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்வதற்கான படிப்பை முடித்திருந்தாள். பத்து வருடம் பீரோவுக்குள் கிடந்த அந்தச் சான்றிதழுக்கு அந்த ஆண்டு உயிர் வந்தது. ஊருக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் தேதியிலிருந்து வரச் சொன்னார்கள். கையில் இருந்தது பத்து நாள். அதற்குள் தம்பியை விட ஓர் இடம் பார்க்க வேண்டும்.

எதிர் வீட்டு அக்கா வாசலிலேயே நின்று கேட்டாள்: “பேச்சு வராத பிள்ளைய யாருகிட்டயோ விட்டுட்டு வேலைக்குப் போகணுமாக்கும்? அடிச்சாக் கூட சொல்லத் தெரியாதே அதுக்கு.”

“அதுக்குத்தான்க்கா நல்லா விசாரிச்சு விடப்போறேன்” என்று சொல்லிவிட்டு அம்மா ஊசியில் நூலைக் கோத்தாள். அவ்வளவுதான். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் எழுதினாள். கதவுத் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது, யாரெல்லாம் உள்ளே வந்து போகிறார்கள், ஒருவருக்கு எத்தனை பிள்ளை, காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வார்கள். அத்தா அதைப் படித்துவிட்டு, “போலீஸ் விசாரணை மாதிரில்ல இருக்கு” என்றார்.

தம்பிக்காகப் பேச ஆள் வேண்டும் என்று நானும் கிளம்பினேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் பார்த்தது பெரியகுளம் சாலையில் ஒரு புதுக் கட்டடம். சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். சறுக்குமரம், கலர் பந்துகள் நிரப்பிய தொட்டி, மூலைக்கு மூலை கேமரா. அங்கிருந்த மேடம் அம்மாவின் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். பிறகு அவள் முறை.

“பையன் பாத்ரூம் வந்தா சொல்லிருவானா?”

“சொல்லிருவான்” என்றேன் நான்.

“என்னன்னு சொல்வான்?”

“மூக்கச் சுளிப்பான்.”

மேடம் சிரித்துக்கொண்டே படிவத்தை மேசைக்குள் வைத்தாள். ஆறு மாதம் கழித்துப் பேச்சு வந்ததும் கூட்டிவரச் சொன்னாள். தம்பி பந்துத் தொட்டியிலிருந்து வெளியே வர மாட்டேன் என்று படுத்துக்கொண்டதால் அவனை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது, ஓய்வு பெற்ற ஒரு டீச்சரின் வீடு. அங்கே நடந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. தம்பி ‘ம்ஹூ’ என்று மூக்கை இழுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அலமாரியைப் பார்த்தான், பிஸ்கட் வந்தது. ஜன்னலைப் பார்த்தான், தூக்கிக்கொண்டுபோய் மாட்டைக் காட்டினாள். அரை மணி நேரத்தில் அவன் டீச்சரின் மடியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் போலவே இன்னொருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஆனாலும் நியாயமாக நடந்துகொண்டேன். “அம்மா, இந்த வீடுதான்” என்று சத்தமாகவே சொன்னேன்.

அம்மா டீச்சருக்கு நன்றி சொன்னாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது இடம் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். துணைக்கு அவளுடைய நாத்தனார். தெருவே அவளைச் சேச்சி என்று கூப்பிடும். சுவரில் யானை இல்லை. ஒரு கோரைப்பாய், ஒரு மர ஊஞ்சல், திண்டு மேல் ஒரு மண்பானை, வரிசையாக எவர்சில்வர் தம்ளர்கள். சேச்சி பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். பேச்சே வராத பிள்ளைக்கு ஒரு மொழி போதாதென்று இரண்டா என்று எனக்குத் தோன்றியது.

தம்பி வழக்கம்போல என் பாவாடையை இழுத்து ‘ம்ஹூ’ என்றான். நான் பானையை நோக்கி எழுந்தேன்.

“மோளே, நீ இரி. அவன் என்கிட்ட கேக்கட்டும்” என்றாள் சேச்சி.

“அவனுக்குத் தண்ணி வேணுமாம்.”

“அது உனக்கு மனசிலாயி. எனக்கு ஒண்ணும் புரியலயே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புரியாதவளுக்குப் புரிய வைக்கத்தானே நான் சொல்கிறேன்! எழுந்திருக்கப் பார்த்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சேச்சி தம்ளரில் தண்ணீரை மொண்டு வந்து தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். “எந்தா வேணும் மோனே?” என்று கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். தம்பியின் உதடு பிதுங்கியது. “வெள்ளம் வேணுமா? வெள்ளம்” என்று இரண்டு தடவை நிதானமாகச் சொல்லிவிட்டு அவள் தம்ளரைக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு அழுதான். முழுதாக ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. எனக்கோ ஒரு பீரியட் முழுக்க முட்டி போட்டது போலிருந்தது.

மறுநாள் மதியம் அம்மா யாரிடமும் சொல்லாமல் தனியாக அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், சேச்சி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்ததாகவும் சொன்னாள். அன்று மாலை, “அங்கனயே விட்டுருவோம்” என்றாள்.

அத்தாவே திகைத்துப்போனார். “அந்த டீச்சரம்மா வீட்டுல பிள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தானாமே. பாப்பா சொல்லுச்சு.”

“அங்கன அவனுக்கு இன்னொரு அக்காதான் கெடைப்பாக. ஒரு அக்கா போதும்.”

எனக்கு ஈடாக யாரும் வர முடியாது என்று அம்மாவே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு மகிழ்ச்சியில் சேச்சியை மன்னித்தேன். ஆனால் நம்பிவிடவில்லை. என் ரஃப் நோட்டில் தம்பியின் பதினேழு சத்தங்களையும் அவற்றின் அர்த்தங்களையும் கோடு போட்டு எழுதி, முதல் நாள் காலையில் அவளிடம் நீட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. “நீயே வாயிச்சுக் காட்டு மோளே” என்றாள். வாசலில் நின்று பதினேழையும் வாசித்தேன். இடையில் ஒருமுறை கூட அவள் சிரிக்கவில்லை. காது பிடிப்பதில் இடது எது வலது எது என்று திருப்பிக் கேட்டுக்கொண்டாள். இத்தனையும் தெரிந்துகொண்டு அவள் அதன்படி நடக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாது.

முதல் வாரம் முழுக்கத் தம்பி அழுதான். அத்தா இரண்டு தடவை, “வேலய வேணா அடுத்த வருசம் பாத்துக்கலாமா?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். “இந்த மாசம் முடியட்டும். அப்பவும் அழுதா நானே நின்னுக்கிறேன்” என்றாள் அம்மா. அவள் குரலில் தயக்கமே இல்லை. ஆனால் அவனை விட்டுவிட்டுத் திரும்பும்போது தெருமுனை வரை வேகவேகமாக நடப்பாள்.

மூன்றாவது வாரம் என்னால் பொறுக்க முடியவில்லை. அவனை மீட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். என் பள்ளிக்கும் சேச்சி வீட்டுக்கும் நடை தூரம்தான். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமலே வெளியேறினேன். அவன் பசியோடும் தாகத்தோடும் மூலையில் கிடப்பான், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அம்மாவின் ஆஸ்பத்திரிக்கே போய் நிற்பது என்பது திட்டம். ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாது. அது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தம்பி மூலையில் இல்லை. பானைக்குப் பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். சேச்சி அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் ‘ம்ஹூ’ என்றான். யாரும் திரும்பவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். என்னைத்தான் தேடுகிறான். கூப்பிட வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவன் இரண்டடி நடந்து சேச்சியின் புடவையைப் பிடித்து இழுத்தான்.

“வெள்ளம்” என்றான்.

எனக்கு வெள்ளம் என்றால் முல்லையாற்றில் வருவதுதான். ஒரு நொடி தரையைக் கூடப் பார்த்தேன். சேச்சி ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. “வெள்ளமா? தரலாமே” என்று மொண்டு கொடுத்தாள். அவன் மடக்மடக்கென்று குடித்தான், தம்ளரைக் கவிழ்த்து வைத்தான், ஊஞ்சலுக்குப் போனான். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

பள்ளிக்குத் தாமதமாகப் போய் வெளியே நின்றேன். காரணம் கேட்டபோது வயிற்றுவலி என்றேன். அது முழுப் பொய் இல்லை. யாரிடமும் சொல்வதில்லை என்றும் தீர்மானித்தேன். அது தமிழே இல்லை, அதனால் பேச்சுக் கணக்கில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவனே சொல்லிவிட்டான். அன்று மாலை அடுப்படியில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் காலைக் கட்டிக்கொண்டு, “வெள்ளம்” என்றான். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து மறுபடி, “வெள்ளம்.” நாலு தம்ளர் கொடுத்தாள். அதற்கு மேல் அவன் வயிற்றில் இடமில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். வெங்காயம் என்று நினைத்தேன். அத்தா உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் போன் போட்டு, “பேசிட்டான்! மலையாளத்துல பேசிட்டான்!” என்று கத்தினார். அந்தக் கொண்டாட்டத்தில் நான் ஒருத்திதான் அவன் தாடையைப் பிடித்து, “தண்ணி. தண்ணி சொல்லு” என்று திருத்திக்கொண்டிருந்தேன்.

தண்ணி, சோறு, அத்தா, சேச்சி என்று ஒவ்வொன்றாக வந்தது. ‘அக்கா’ வர இன்னும் ஒரு மாதம் ஆனது. இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். போனை எடுத்தால் அவன் வைக்கிற வரை நமக்குப் பேச வாய்ப்பில்லை.

தம்பியை விட இடம் தேடுவதற்கு முன்பு ஒருநாள் அவன் காதைச் சோதித்த டாக்டர், காதில் குறையில்லை என்று சொல்லிவிட்டு, என்னை எடை பார்க்கும் மிஷின் பக்கம் அனுப்பிவிட்டு அம்மாவிடம் ஏதோ கேட்டது எனக்கு நினைவிருந்தது. என்ன கேட்டார் என்பதை நான் வேலைக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். “வீட்டுல அவனுக்காக யாரு பேசுறாகன்னு கேட்டாக. என்னத்தச் சொல்ல?” அந்தப் பதிலை அவள் என்னிடம் ஒரு தடவை கூடச் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு வலிக்காமல் அவனை அவனாகவே பேசவைக்க ஓர் இடம் தேடினாள், கண்டுபிடித்தாள்.

தம்பி முதன்முதலாக ‘வெள்ளம்’ கேட்ட அந்த மாதக் கடைசி. பள்ளி விட்டு வந்தேன். தம்பி, அன்று சீக்கிரம் வந்துவிட்ட அத்தாவோடு பாயில் உட்கார்ந்து ஏலக்காய்த் தோலை ஊதி விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. வாசல்படிக்கு வந்து நின்றேன். இடுப்பு லேசாக இருந்தது, கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, “ஆளு கொறையுது, வர்றியா?” என்றாள். போனேன். எனக்கு ஓடவே தெரியவில்லை. முதல் ஆளாகப் பிடிபட்டேன். மறுபடி ஓடினேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கத்திக்கொண்டு ஓடினேன்.

திரும்பிப் பார்த்தபோது தெருமுனையில் அம்மா நின்றிருந்தாள். வேலை முடிந்து வந்தவள், கைப்பையைத் தோளில் மாட்டியபடி, வீட்டுக்கு வராமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. தம்பியைப் பார்க்காமல் விளையாடப் போய்விட்டேன், மாட்டிக்கொண்டேன் என்று மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றேன்.

“இப்பத்தாம்மா வந்தேன். அவன் அத்தாகிட்ட இருக்கான். நான் போயித் தூக்கிக்கிறேன்.”

அம்மா என் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

“வேணாம். போ, போயி வெளாடு” என்றாள்.

பாவம், வேலை பார்த்த களைப்பில் என்னைத் திட்டக் கூட அவளுக்குத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.