டிம்னாகிட்ட புடுங்கின மடத்துச் சாவி

எங்க ஊருல இடிஞ்சு கெடக்குற பழைய கிறிஸ்தவத் துறவி மடத்தோட சாவி முப்பத்தோரு வருஷமா டிம்னா டூஹி வீட்டு ஆணியிலதான் தொங்கிச்சு. மடத்துக்கு எதிர்வீடு. மடத்தைப் பாக்க வர்ற வெளியூர்க்காரன் கதவைத் தட்டுவான். இந்தம்மா மாவுக் கையோட வந்து சாவியை நீட்டும். "செவுத்துல ஏறி விழுந்து செத்தா உள்ளயே எடம் இருக்கு, கவலைப்படாதீங்க"ன்னு சொல்லி அனுப்பும். சம்பளம்னு ஒத்தக் காசு கெடையாது.

அதோட புருஷன் மாலக்கியைப் பொதச்சிருக்கறதும் அங்கதான். ஊருல பாதிப்பேரோட ஆளுங்களும் அங்கதான்.

இதுல சுற்றுலாக் கமிட்டின்னு ஒண்ணு மொளச்சுது. தலைவரு ஃபின்டன் மொலாக்னி, வீடு வாங்கி விக்கிற தரகரு. கோட்டைக்கு ஒரு போர்டு, ஏரியில வாத்து மாதிரி படகு, மடத்து கேட்டுக்கு நம்பர் அமுக்குற பூட்டு. டிம்னாகிட்ட இருந்த சாவியைப் புடுங்கிட்டாங்க. கமிட்டி ஆளோட போனாத்தான் உள்ள விடுவாங்களாம். நம்பரை யாருக்கும் சொல்லலை. பாதுகாப்பாம்! யாருகிட்ட இருந்துய்யா? செத்தவன் எந்திரிச்சு ஓடிருவானா?

ஜூலையில ஒரு ஞாயித்துக்கிழமை கல்லறை மந்திரிப்பு, ஃபாதர் வந்து ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளிக்கிற நாளு. இங்க பொறந்த எவனும் அன்னிக்கு வேற வேலை வச்சுக்கமாட்டான். கமிட்டி அட்டவணையில மட்டும் 'விடுமுறை'ன்னு போட்டிருந்துச்சு. டிம்னா ரெண்டு தடவ ஃபின்டன்கிட்ட போய்ச் சொல்லிச்சு. மனுஷன் தலையாட்டிட்டு, அன்னிக்கு ஃபோனை அணைச்சுட்டு ஹர்லிங் மட்டைப்பந்து மேட்சு பாக்கப் போயிட்டாரு.

லண்டன்ல இருந்தெல்லாம் வந்து பூவோட நிக்கிறாங்க. கேட்டு பூட்டியிருக்கு.

"வெளிய நின்னே தீர்த்தம் தெளிச்சிரட்டுமா?"ன்னாரு ஃபாதர் கோல்மன்.

"என் புருஷன் என்ன பஸ்ஸுலயா போறாரு ஃபாதர், தூரத்துல நின்னு கையாட்டிட்டுப் போக?" டிம்னா மூஞ்சி செவந்துபோச்சு. அப்புறம் எங்க பக்கம் திரும்புச்சு. "பூட்டு அந்தப் பக்கந்தானடா இருக்கு. கீலுப் பக்கம் புடிச்சுத் தூக்குங்க. நாலு பேரு வாங்க!"

ஒரு மூலையை நான்தான் புடிச்சேன். கேட்டு முழுசா கழண்டு வந்துருச்சு. மாலக்கி கல்லு மேல தீர்த்தம் விழுந்தப்போ டிம்னா அழலை, ஃபின்டனை வஞ்சுக்கிட்டேதான் ஜெபம் சொல்லிச்சு.

திங்கக்கிழமை ஃபின்டன் வந்து குதிச்சாரு. "அக்கா, அது அரசாங்கச் சொத்து. கேஸ் போடலாம், தெரியுமில்ல?"

"போடுய்யா. புருஷன் கல்லறையில பூ வச்சதுக்குக் கேஸுன்னு கொட்டை எழுத்துல எழுது. சர்ச்சு வாசல்ல நானே ஒட்டறேன்."

கேஸ் போடலை. கேட்டைத் திருப்பி மாட்ட நாலு ஆளு வேணும்னு ஊருல ஒவ்வொரு மதுக்கடையா ஏறி எறங்குறாரு, ஒருத்தனும் அசையலை. கேட்டு புல்லுல கெடக்கு. டிம்னா தெனமும் போயிட்டு வருது.