திரையை இழுத்தால் பள்ளிக்கூடம்: கடலூர் – சிதம்பரம், ஒரு சனிக்கிழமை

சென்ற சனிக்கிழமை, 2010 பிப்ரவரி 13 அன்று, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்தேன். வரும் புதன் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் பங்குத்தந்தைகளைப் பிடிப்பது கஷ்டம் என்பதால் அவசரமாகக் கிளம்பினேன். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பங்கில் யூபிலி மலர் போடுகிறார்கள். பங்குப் பள்ளியின் ஆசிரியர் பட்டியலும் அதில் வருகிறது. என் அம்மா கல்யாணத்துக்கு முன் அங்கே ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். அவர் பெயர் அதில் வர வேண்டும். இதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. "நான் டீச்சரா இருந்தவ" என்று எப்போதாவது சொல்வார். அத்தை விடமாட்டார். "எந்த ரிஜிஸ்டர்ல இருக்கு உன் பேரு? எடக்கையால சிலுவ போடறவ டீச்சராக்கும்!" என்பார். அத்தை சொன்னதில் பாதி உண்மை. கோயிலில் ஒழுங்காக வலக்கையால் சிலுவை போடுகிற அம்மா, வீட்டில் மாலை ஜெபத்துக்கு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தால் இடக்கையால் போடுவார். முதலில் தொடும் தோளும் மாறிப்போகும். ஏனென்று கேட்டால், "பழகிப்போச்சு" என்று சிரிப்பார். நாங்களும் மறதி என்று விட்டுவிட்டோம்.

காலை 6.20க்குக் காடாம்புலியூரில் பஸ் ஏறினேன். முந்திரி பூத்திருக்கும் மாதம், பண்ருட்டி வரை ஜன்னலில் அந்த வாசனைதான். பத்து கிலோமீட்டர், நான்கு ரூபாய். அங்கே வண்டி மாறி, திருவதிகை தாண்டிக் கடலூர். இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்பது ரூபாய்.

"எந்தக் கடலூரும்மா, புதுசா பழசா?" என்றார் கண்டக்டர்.

"பழசு."

"இந்த வண்டி புதுசோட சரி. ஸ்டாண்டுல எறங்கி டவுன் பஸ் புடிங்க."

டவுன் பஸ் மூன்று ரூபாய். 8.25க்குக் கோயில் வாசலில் நின்றேன்.

பங்குத்தந்தைக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பொறுமையாகப் பள்ளியின் கதையைச் சொன்னார். ஆரம்பத்தில் பள்ளிக்கென்று கட்டடமே இல்லையாம். ஓலை போட்ட கோயில்தான் பள்ளியும். காலைப் பூசை முடிந்ததும் பீடத்தை மறைத்துத் திரையை இழுத்தால் பள்ளிக்கூடம். சாயங்காலம் கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துத் திரையைத் திறந்தால் கோயில். டீச்சருக்குச் சம்பளம் கிடையாது. பங்குப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஞாயிறு பூசைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற அந்த அரிசிதான் கூலி. புழுங்கலும் பச்சையும் கலந்திருக்கும், ஒரே பதத்தில் வேகாது என்று அம்மா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

பிறகு அரசு உதவி கிடைத்தது. ஓட்டுக் கட்டடம் வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வந்தார்கள். எட்டாவது மட்டும் படித்திருந்த அம்மா வீட்டுக்குப் போனார். பட்டியல் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

"ரிஜிஸ்டர்ல இல்லாத பேர நான் எப்டிம்மா போடறது? நாளைக்கு ஆளாளுக்கு எங்கம்மா, எங்க பெரியம்மான்னு வந்து நிப்பாங்க" என்றார் ஃபாதர். "அவுங்ககிட்ட படிச்சவங்க யாராவது எழுதிக் குடுத்தா பாக்கலாம். திங்கக்கெழம அச்சுக்குப் போவுது."

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த கோயில் பணியாளர், கோயில்பிள்ளை என்பார்கள், நிமிர்ந்தார். "ஃபாதர், செதம்பரத்துலேர்ந்து ஒருத்தர் லெட்டர் போட்டாரே, திரைக்கு முன்னால ஒக்காந்து படிச்சேன்னு."

அந்தக் கடிதத்திலிருந்து முகவரியை எழுதிக்கொண்டேன். 10.05க்கு முதுநகரிலேயே சிதம்பரம் பஸ் கிடைத்தது. நாற்பது கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். வழி முழுக்க ஜெபமாலைதான். 11.20க்கு இறங்கிக் கீழ வீதி வழியாக வடக்கு வீதிக்கு நடந்தேன்.

கடிதம் போட்ட கோதண்டபாணி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி. அவருடைய அப்பாவுக்குக் கடலூர் துறைமுகத்தில் வேலை, அதனால் அந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஆரோக்கியமேரி. "டீச்சர்னுதாம்மா கூப்புடுவோம், பேரு தெரியாது" என்றார். படத்தைக் காட்டினேன். என்னிடம் இருந்தது அம்மாவின் வயதான முகம். உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கடைக்குப் போனா என்ன வாங்க வந்தோம்னே இவருக்கு நெனப்பிருக்காது. ஒண்ணாங்கிளாசு டீச்சர கேக்கறீங்களே" என்றார் அவர் மனைவி. "அத விடுங்க, சாப்புட்டுட்டுப் போங்க."

மறுக்க முடியவில்லை. இலை போட்டார்கள். சாப்பிடுமுன் வழக்கம்போலச் சிலுவை போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க டீச்சர் இத மாத்திப் போடுவாங்க" என்றார்.

"மாத்தின்னா?"

எழுந்து எனக்கு நேரே நின்றார். இடக்கையை நெற்றிக்குக் கொண்டுபோனார், பிறகு மார்புக்கு. வலது தோளைத் தொட்டுவிட்டு இடது தோளுக்கு வந்தார். அச்சு அசல் அம்மா.

"எங்களுக்கு வலது எடது தெரியாதும்மா. எங்களப் பாத்து நின்னு அவுங்க வலது கையத் தூக்குனா நாங்க எடது கையத் தூக்குவோம். அதனால அவுங்களே கண்ணாடி மாதிரி எடது கையால போடுவாங்க. நாங்க பாத்து அப்டியே போடுவோம், சரியா வந்துடும். நான் கும்புடற சாமி வேற. ஆனா வலது கை எதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது அவுங்கதான்."

"சோறு ஆறிப்போவுது, சாப்புடும்மா" என்று அவர் மனைவி என் தோளைத் தொட்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஒரு சாயங்காலம் என் முகத்தைப் பார்த்தபடி இடக்கையை மெல்ல நெற்றிக்குத் தூக்கினார். "அந்தக் கை இல்லம்மா" என்று சொல்லி அந்தக் கையைப் படுக்கையில் வைத்தேன். வலக்கையை நானே எடுத்துச் சிலுவை போட்டுவிட்டேன். சாகும் நேரத்திலாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதண்டபாணி ஒரு தாளில் நடந்ததை எழுதி, பெயரை என்னிடம் கேட்டுப் போட்டுக் கையெழுத்திட்டார். சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாக வீடு திரும்பலாம் என்றுதான் போயிருந்தேன். அதை விட்டுவிட்டு 1.40 பஸ்ஸில் மறுபடி கடலூர். ஃபாதர் இரண்டு தரம் படித்தார்.

"பட்டியல்ல சேக்க முடியாதும்மா, அது ரிஜிஸ்டர்படிதான். ஆனா அதுக்கு மேல ஒரு வரிக்கு எடம் இருக்கு" என்று பென்சிலால் எழுதிக் காட்டினார். 'கட்டடம் வருமுன் திரைக்கு முன்னால் கற்பித்தவர்: ஆரோக்கியமேரி.' அத்தை இருந்திருந்தால் மலரை விரித்துக் காட்டியிருப்பேன்.

இதுபோல உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தேடிப் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், மாலையில் மறைக்கல்வி, பாவசங்கீர்த்தனம் என்று ஃபாதருக்கு நேரம் இருக்காது. முதுநகருக்குப் போகிறவர்கள் சிதம்பரம் வண்டிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்ப வேண்டாம், அங்கேயே நிற்கும். போக எண்பது, வர எண்பது கிலோமீட்டர். ஒரு டீ சேர்த்து 66 ரூபாய் ஆனது. பெரியவர்களின் இளவயதுப் படம் இருந்தால் அதை எடுத்துப் போங்கள். ரிஜிஸ்டரில் இல்லை என்றால் உடனே திரும்பிவிடாதீர்கள், அவர்களிடம் படித்தவர்களைக் கேளுங்கள்.

6.50க்கு வீடு. மாலை ஜெபத்துக்கு அம்மாவின் படத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். அன்று ஆஸ்பத்திரியில் அவர் இடக்கையைத் தூக்கியது எனக்காக. நான் அவர் கையைப் பிடித்திருக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்து என் வலக்கையைத் தூக்கியிருந்தால் போதும்.