எறிய முடியாத சிவப்புப் பின்

என் கைப்பையின் உள்ஜிப்புக்குள் ஒரு சிவப்புப் பின் கிடக்கிறது. பித்தளை முனை, சிவப்பு பிளாஸ்டிக் பிடி. பள்ளிக்கூட ஆய்வகங்களில் வயர் நுனியில் இருக்குமே, பனானா பின், அதுதான். வருஷக்கணக்காகச் சுமக்கிறேன். குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள், ஏதாவது பிள்ளை கைக்குப் போகும், பிள்ளை அதைச் சுவர் சாக்கெட்டில் செருகும். ஆற்றில் போட்டால் குளிக்கிறவர் காலில் ஏறும். பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்று ஒருதரம் வாசல்வரை போனேன். அங்கே குவியலுக்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கெட் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். பக்கவாதம் வந்து பிழைத்தபின் வலக்கை விரல்கள் மரத்துவிட்டன. சூடு, குளிர் எதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. டீ டம்ளர் சுட்டதைக்கூடத் தோல் சிவந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கீபோர்டை உறையில் போட்டு மூடிவிட்டு, யூடியூப் பார்த்துத் தானாகவே ஒரு பெட்டி கட்ட ஆரம்பித்தார். மாடுலர் சிந்தசைசர் என்று பெயர் சொன்னார். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு வேலை செய்யும். எதிலிருந்து எதற்கு வயர் போடுகிறோமோ அதற்கேற்ப நாதம் மாறும். விரல் ஓட வேண்டாம், குமிழைத் திருகி வயரை மாற்றிச் செருகினால் போதும். பெட்டி முடியும் முன்னாலேயே ராதாபுரம் பக்கத்தில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் வாசிக்க ஒத்துக்கொண்டுவிட்டார். அதையும் விட்டுவிட்டால் இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டார் என்று அக்கா பயந்தாள். எனக்கு, அவர் எழுந்து அந்தக் கையோடு கரண்டுக்குப் பக்கத்தில் போகிறாரே என்று பயம்.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டுப் பேட்டையில் ஸ்டெபிலைசர் பட்டறைக்குப் போனவள் நான். ஈயம் பற்றவைக்கத் தெரியும் என்பதால் வயர் வேலை என் தலையில் விழுந்தது. எந்தப் பின் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டுவிட்டால் பிறகு மாற்ற முடியாது. மூன்று மாதிரிகளை மேசையில் பரப்பினோம். மைக்கில் மாட்டுகிற பெரிய பின் தகட்டையே அடைத்துக்கொள்ளும். இயர்போன் பின் சின்னது, அடக்கமானது. ஆனால் அத்தான் கையில் நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது. பனானா பின் தடியாக இருந்தது, ஓர் அழுத்தில் உள்ளே போனது. அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் அந்தப் பின் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. காஸ் அடுப்பைப் பலதடவை தொட்டுப் பார்க்கிறவள் நான்; என் பயத்துக்கு அந்த வீட்டில் மதிப்புக் கிடையாது. இரு முனையிலும் பனானா பின் வைத்து இரண்டு வயர் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று காலை மைக்செட் அண்ணாச்சி கொடை விஷயம் பேச வந்திருந்தார். நல்ல புழுக்கம். அக்கா வீட்டு டேபிள் பேனுக்குப் பிளக் உடைந்து வெறும் வயர்தான் நீட்டிக்கொண்டிருந்தது. மைக்செட்காரர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. வயரைச் சீவி சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் இறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கொடைப் பந்தல்களில் பாதி விளக்கு அப்படித்தான் எரிகிறது. அண்ணாச்சி தீக்குச்சிக்குத் துழாவினார். மேசையில் என் வயர்கள் கண்ணில் பட்டன. பேன் வயரை அவற்றின் பின்களில் முறுக்கி, மறுமுனைகளைச் சுவர் சாக்கெட்டில் வைத்து அழுத்தினார். அதற்கென்றே செய்த மாதிரி உள்ளே போயிற்று. பேன் சுற்றியது.

“பாரும்வே, உம்ம பாட்டு வயரு கரெண்டுக்கும் ஆவுது! இனிமே தீக்குச்சி மிச்சம்” என்றார். அத்தானும் சிரித்தார்.

நான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். அந்தப் பின் ஏன் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கொடைப் பந்தலில் யாரோ ஒருவர் அவசரத்துக்கு இந்த வயரில் ஒன்றைச் சுவரில் செருகுவார். மறுமுனை வெறும் பித்தளையாக, கரண்டோடு, பெட்டிமேல் கிடக்கும். அத்தான் அதைத் தன் வயர் என்று எடுப்பார்.

“இது வேண்டாம் அத்தான். சின்னதையே வைப்போம். அது சுவத்துல நிக்காது.”

“ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்! சின்னத எந்தக் கையால பிடிக்க? ஒன் கையக் கழத்தித் தாறியா?”

மைக்செட் அண்ணாச்சி நின்றுபோன பேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள்: “கரண்டியில சுத்துன மாதிரி அதுலயும் துணி சுத்தினா என்ன?”

வாதத்துக்குப் பிறகு அத்தான் தானே சாப்பிட வேண்டும் என்று, கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடியாக்கி வைத்திருந்தாள் அக்கா. வெளியாள் யார் வந்தாலும் அத்தான் அந்தக் கரண்டியைத் தொடமாட்டார். பசி இல்லை என்று சொல்லிவிடுவார். அது அண்ணாச்சி காதில் விழும்படி அவள் சொன்னதும் அத்தான் முகம் கறுத்தது. எழுந்து உள்ளே போய்விட்டார். நான்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன், கொடைக்கே போகமாட்டார் என்று பட்டறையில் அன்றைக்கெல்லாம் எனக்குக் கை ஓடவில்லை. சாயங்காலம் ஓட்டை போட்ட தகட்டை அவரே பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஓட்டை எல்லாம் இயர்போன் பின் அளவுக்குச் சின்னதாக இருந்தது. “பைய செய், அவசரமில்ல” என்று மட்டும் சொன்னார். பழைய வயர்களைப் பிரித்தபோது அந்தச் சிவப்புப் பின் என் கைப்பைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

கொடையன்று அக்காவின் பழைய சேலைக் கிழிசல் சுற்றிய வயர்களை, ஊரே பார்க்க, அத்தான் மாற்றி மாற்றிச் செருகினார். பெட்டி உறுமியது, பிறகு மகுடி போல இழைந்தது. ரசித்தேன் என்று சொல்லமாட்டேன். மேடை ஏறும் முன் அவர் என்னைப் பார்த்து, சுவிட்சுப் பலகைப் பக்கம் தாடையை ஆட்டி, “அங்கன நில்லு” என்றிருந்தார். முழுக் கச்சேரியும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதற்குப் பிறகு எந்தக் கொடைக்குப் போனாலும் அதே வார்த்தைதான். நீ பயந்தது சரி என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

இரண்டாம் தடவை வந்த வாதம் அவரைக் கொண்டுபோய்விட்டது. பெட்டி அக்கா வீட்டு அலமாரிமேல் இருக்கிறது. வயர்களில் சுற்றிய துணி, அவர் கட்டைவிரல் பதிந்த இடத்தில் மட்டும் கறுத்திருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது அக்கா மிக்ஸியில் சட்னி அரைத்தாள். அரைத்து முடித்துவிட்டுத் திரும்பியவள், “ஏட்டி, உக்காராம எதுக்கு இங்கன நிக்கே?” என்றாள். அப்போதுதான் பார்த்தேன்: சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஜிப்பைத் தடவினேன். பின் உள்ளேதான் இருந்தது.