முப்பத்தோராம் நாள் கிளம்பிய கார்

ஜனவரி, செவ்வாய்க்கிழமை. மொன்ட்ரியலிலிருந்து பேருந்தில் ஆறரை மணி நேரம், டொராண்டோவில் இறங்கி வடக்கே மில்லிக்கன் வரை இன்னும் ஒன்றரை மணி நேரம். குளிர் மைனஸ் இருபத்திரண்டு. நான் போட்டிருந்தது ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர். வீட்டின் நிலவறையில் எனக்கு அறை, வாரம் இருநூறு டாலர்.

வீட்டுக்காரர் பவளம் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் இறந்து அன்றைக்கு இருபத்தேழு நாள். கதவைத் திறந்து என்னைப் பார்த்தவர் உள்ளே போய் ஒரு கறுப்பு ஜாக்கெட்டோடு வந்தார்.

"இது அவற்ர. முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியாமல் செத்தவற்ர உடுப்பை ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது. ஆனா உம்மை இப்பிடி விட்டா உமக்கும் சேர்த்துத்தான் செய்ய வேணும். போடும்."

போட்டேன்.

புதன், காலை 7.40. தெருவில் வரிசையாகக் கார்கள் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்றன. புகை அசையாமல் நேரே மேலே போனது. வீட்டுக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்தி இன்ஜினைச் சூடாக்குகிறார்கள் என்பது எட்டாவதோடு நின்ற எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. கைகளை ஜாக்கெட் பைகளில் திணித்துக்கொண்டு, வாசலில் கிடந்த அக்காவின் காரை நான் கடந்தேன். பனி மூடியிருந்த அது நின்ற இடத்திலேயே உறுமிக் கிளம்பியது. பனிக்குள்ளே விளக்குகள் எரிந்தன.

மாலையில் பேச்சுவாக்கில் சொன்னேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரிமோட் எங்களிட்ட இல்லைத் தம்பி. ஆஸ்பத்திரியில துலைஞ்சு போச்சு. வெறும் திறப்புத்தான் இருக்கு. அவர் வேலைக்கு வெளிக்கிடுற நேரம் ஏழு நாப்பது."

"அம்மா, ஸ்ரொப் இற். குளிருக்கு வயர் ஏதும் ஷோர்ட் ஆகியிருக்கும்" என்றாள் மகள் நிரு. இருபத்துநாலு வயது, அங்கேயே பிறந்தவள்.

"அவர் தன்ர ஜக்கெற்றைக் கேக்கிறார்" என்றார் அக்கா.

கழற்றித் தருகிறேன் என்றேன்.

"குடுத்ததைத் திருப்பி வாங்கிறது அதைவிடக் குற்றம்."

வியாழனும் அதே நேரம் கிளம்பிற்று. பதினைந்து நிமிடம் ஓடித் தானாகவே நின்றது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை வெளியே போகவே இல்லை. அன்று அது கிளம்பவும் இல்லை.

சனிக்கிழமை முப்பத்தோராம் நாள். மைனஸ் முப்பத்தொன்று. அஸ்தி கரைக்க ஏஜாக்ஸ் ஏரிக்கரையில் ஒன்பதரைக்கு ஐயர் வருவதாக ஏற்பாடு. முப்பது கிலோமீட்டர். காலை 8.10க்கு வாசலுக்கு வந்தோம். சூரியனுக்கு இருபுறமும் இன்னும் இரண்டு சூரியன்கள் மங்கலாக நின்றன. கடும் குளிரில் அப்படித் தெரியுமாம். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்கா சிவப்புத் துணி சுற்றிய குடத்தை மடியில் வைத்து, திறப்பு என்று அவர்கள் சொல்லும் சாவியைத் திருகினார். கார் ஒருமுறை முனகியது. பிறகு டக், டக். அவ்வளவுதான்.

"பற்றரி போச்சு. டக்ஸி கூப்பிடுறன். ஐயர் நிக்க மாட்டார் அம்மா."

"வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில போனவர். சுடலைக்கு பியூனரல்காரங்கட காரில போனவர். இதுக்காவது தன்ர காரில போகட்டும்."

சாவியை உருவிக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுக் காரின் முன்னால் போய் நின்றார். குடம் மார்போடு இருந்தது.

"இஞ்சாருங்கோ. கோவமெண்டா என்னோட கோவியுங்கோ. அந்தப் பிள்ளை விறைச்சுப்போய் நிண்டது, குடுத்தனான். வாங்கோ, போவம்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முஷ்டிகளைப் பைக்குள் அழுத்தினேன். கார் உறுமி அடங்கியது. மறுபடி உறுமிப் பிடித்துக்கொண்டது. நிரு அலறினாள். அக்கா அலறவில்லை. கையுறையால் கண்ணாடிப் பனியைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

என் வலது கைக்குள், பையின் கிழிந்த துணிக்கு அப்பால், சிறிதாக, கெட்டியாக ஒன்று இருந்தது. பெருவிரலுக்கு அதன் பொத்தான் தட்டுப்பட்டது.

நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம். பின்சீட்டில் இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டே போனேன்.

ஏரியின் ஓரம் பத்தடிக்கு உறைந்திருந்தது. அதற்கப்பால் கறுப்புத் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது. பாறைகள் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஐயர் கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். குடம் தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அக்கா திரும்பிக் காரைப் பார்த்தார்.

"போயிட்டார். இனி அது தானா ஸ்ரார்ட் பண்ணினா, நான் செய்ததில பிழை எண்டுதான் அர்த்தம்."

அன்று மாலை ஜாக்கெட்டின் உள்துணியைக் கிழித்து ரிமோட்டை எடுத்தேன். அதன் முதுகைப் பிளந்து பொத்தான் போன்ற பேட்டரியைக் கழற்றினேன்.

ஞாயிறு, காலை 7.40. சமையலறை ஜன்னலில் அக்கா நின்றார். நான் ஜாக்கெட்டோடு அவர் பின்னால் நின்றேன். தெருவில் மற்றக் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவருடையது கிளம்பவில்லை. 7.45. 7.50.

"ஓம். போயிட்டார்" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். அந்தத் தேநீரை ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டுக் குடித்தேன்.

வாரம் முடிந்து திங்கட்கிழமை கிளம்பும்போது ஜாக்கெட்டைத் திருப்பி நீட்டினேன். "இனி அது உம்மடதான். முப்பத்தொண்டு முடிஞ்சுதே" என்றார்.

இப்போது ராமநாதபுரத்தில் இருக்கிறேன். காலை ஏழே முக்காலுக்கே தரை சுடுகிறது. இங்கே எந்த வண்டியும் ஒரே உதையில் கிளம்பிவிடும். ஜாக்கெட் ஆணியில் தொங்குகிறது, ரிமோட் அதன் பையில் கிடக்கிறது. சில நாள் பொத்தானை வெறுமனே அழுத்திப் பார்ப்பேன். அதற்கான பேட்டரி முக்குக் கடையில் முப்பது ரூபாய். இதுவரை வாங்கவில்லை.