அக்காவின் கணுக்கால் பிடி

டிவியில் கபடி ஆட்டத்தில் அக்கா யார் காலையாவது எட்டிப் பிடிக்கும்போது, என்னை விட்டுவிட்டு அவர்களைப் பிடிக்கிறாளே என்று இன்றும் எனக்குப் பொறாமையாக இருக்கும். அடிபட்டு எழுந்தபின் அவள் முதலில் பிடித்தது என் காலைத்தான்.

அக்கா விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தாள். பொங்கலுக்கு வந்தால்கூட பையைப் பிரிக்காமலே திரும்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் முழங்காலில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, மாதக்கணக்கில் ராசிபுரத்தில் எங்களோடு இருந்தாள். அம்மா அழுதுகொண்டே இருந்தாள். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கோ ஒரே கொண்டாட்டம்.

அக்கா நடக்க ஆரம்பித்ததும், சேலத்தில் பிசியோதெரபி பார்த்த டாக்டரம்மாவிடம் அம்மா கேட்டாள். “புள்ள நல்லாத்தானுங்க நடக்குது. இன்னும் எதுக்குங்க பயிற்சி?”

“நடக்கறதுக்கு இது போதுமுங்க. கபடிக்குப் பத்தாது. இவ ஓரத்துல நின்னு, பாடி வர்றவ காலைப் புடிக்கறவ. குனிஞ்சு பாயோணும், முட்டி உள்ள திரும்பாம இழுத்து நிறுத்தோணும். அதைப் பழகாம ஆட்டத்துக்கு உட மாட்டேன். மொதல்ல எடை கம்மியா யாராச்சும் வேணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் வாசலில் கோலமாவால் கோடு போட்டு, “கபடி கபடி” என்று பாடிக்கொண்டு போவேன். அக்கா பிடிப்பாள். நான் உதறிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். ஒருநாள் காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போனேன். “அடிப்பாவி, ஆட்டத்துல எண்ணெ பூசுனா வெளிய தொரத்திருவாங்க சாமி!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் என்னோடு அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சில நாள் பிடி நழுவியதும் மண்ணிலேயே உட்கார்ந்து, “இனி என்னால ஆகாதுடி” என்பாள். எனக்குத் தாங்காது. “எந்திரிக்கா, இன்னொருக்கா” என்று நான்தான் விரட்டுவேன்.

ஒரு சாயங்காலம் பிடித்தாள் பாருங்கள், எவ்வளவு உதறியும் கால் வரவில்லை. குப்புற விழுந்தேன், பாட்டும் நின்றது. செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்த அம்மா விசும்பினாள். டாக்டரம்மாவுக்கு அதை அனுப்பினாள். “இனி ஆட்டத்துக்கு உடலாமுங்க” என்று பதில் வந்தது. அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். கால் சரியாகிவிட்டது, இனி தினமும் அவளோடு நிஜ ஆட்டம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு ஓடோடி வந்து புதுக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பையோடு வெளியே வந்தாள். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அவளை அனுப்பிவைக்கத்தான் அத்தனை நாளும் பாடி ஓடினேன் என்பது தெரியாமல், கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றிருந்தேன்.