இரண்டாவது பலூன்

நேசராணிக்கு நான் முப்பத்தையாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் பட்ட ஒரே கடன் அதுதான்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மடுல்சீமைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு, பண்டாரவளையில் மரக்கறிக் கடை போட்டு லொறியும் வாங்கினேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. நேசராணி, தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்து லயத்துக்காரி. இருபத்தொன்பது வயதில் புருஷனை இழந்தவள். கொழுந்து பறித்தே மகளை வளர்த்தாள். லயத்துப் பெண்களின் மாதச் சீட்டை ஒரு சதம் பிசகாமல் நடத்தியவளும் அவள்தான்.

2003 நவம்பரில் எனக்கு நெஞ்சு வலி வந்தது. மனைவி இல்லாத எனக்குத் துணையாகக் கொழும்புக்கு ரயிலேறியவள் அவளே. லொறியை விற்று ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருந்தேன்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர் கனகசபை சொன்னார்: "ஐயா, இரத்தக் குழாய் ரெண்டாப் பிரியிற இடத்திலை அடைப்பு. ஊதித் திறக்க ஒரு பலூன் காணாது, ரெண்டு வேணும். மற்றதுக்கு இன்னும் முப்பத்தையாயிரம் வரும்."

"பக்கக் கிளைதானே, விட்டுடுங்க டாக்டர். நான் எத்தனை ஆயிரம் செடியில கிளை வெட்டினவன் தெரியுமா? வெட்டினாத்தான் நல்லாத் தழைக்கும்."

"கவ்வாத்துக் கத்தியக் கொழும்புக்கும் கொண்டாந்துட்டீங்களா அண்ணே?" என்றாள் நேசராணி.

டாக்டர் சிரிக்கவில்லை. "இது தழைக்காது ஐயா. பெரிய குழாயிலை மட்டும் ஊதினால், கொழுப்பு நெரிஞ்சு கிளையின்ரை வாயை அடைச்சுப்போடும். பிறகு அந்தப் பக்கத்து இதயத்தசை செத்துப்போகும்."

வலியைவிட, காசு கேட்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் கேட்கவில்லை. அவளே திரும்பி நின்று, ரவிக்கைக்குள்ளிருந்து துணிப்பையை எடுத்தாள். அந்த மாதம் சீட்டுக் காசு எடுக்கும் முறை அவளுடையது.

"அது உன் கூரைக்குத் தகரம் வாங்குற காசாச்சே!"

"கூரை ஒழுகுனா சட்டி வெக்கலாம். உங்க நெஞ்சு நின்னா என்னத்த வெக்கிறது?"

மறுநாள் காலை, தொடை வழியாகக் கம்பி விட்டார்கள். நான் முழித்துக்கொண்டே இருந்தேன். ஒரு கிளைக்கு ஒன்றாக இரண்டு பலூன், பக்கத்தில் பக்கத்தில், ஒரே நேரத்தில் ஊதினார்கள். நெஞ்சின் மேல் முட்டைக்கோவா மூட்டைகளை அடுக்கியதுபோல் இறுகியது. பிறகு யாரோ ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

"ரெண்டிலையும் இரத்தம் ஓடுது. பாருங்கோ," என்று டாக்டர் திரையைக் காட்டினார். சொந்த இதயத்தைத் திரையில் பார்த்தவன் பண்டாரவளைக் கடைத்தெருவில் வேறு எவன் இருக்கிறான்?

வெளியே நேசராணி கேட்டது ஒன்றே: "அந்தக் கிளை?"

"ஓடுது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் சாவிலும் அழாதவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த மாரி முழுவதும் அவள் வீட்டில் ஏழு சட்டி. பண்டாரவளையில் மழை பெய்தால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த மாரிக்கு முன்பே காசைச் சேர்த்துவிட்டேன். பஸ் நின்ற இடத்திலிருந்து லயம் வரை, ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல் மேடேறினேன்.

"வட்டி ஐயாயிரமும் இருக்கு," என்றேன்.

"வட்டின்னா கைய மூடிருவேன்."

மூடவில்லை. தேயிலைக் கறை படிந்த அந்த உள்ளங்கையில், ஆயிரம் ரூபாய்த் தாள் முப்பத்தைந்தையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.